குளித்ததாக எழுதப்பட்ட குழந்தைகள்

"...தலைக்கு மட்டும் ரெண்டு சொட்டு தேங்கா எண்ண வெச்சு, சீவி வுட்டுடுவேங்க டாக்டர். ஈரம் மாதிரியே தெரியும்."

இதைச் சொன்னபோது அஞ்சலையின் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. அறையில் எட்டுப் பேர் இருந்தோம். ஒருவரும் தம்ளரை எடுக்கவில்லை. அவர் சொன்ன விஷயம் எனக்கு முந்தின நாளே தெரியும். ஆனால் ஒரு வார்டு உதவியாளர் பெரிய டாக்டருக்கு நேராக நின்று இதைத் தன் வாயால் சொல்வார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அது வெள்ளிக்கிழமை. கள்ளக்குறிச்சிக்கு நான் வந்து நான்காவது நாள்.

நான் நர்ஸ் இல்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் இருபது வருடமாக நர்சிங் மாணவிகளின் ஆய்வேடுகளைத் தட்டித் தட்டி, அட்டவணை போடுவதும் சராசரி பார்ப்பதும் எந்த எண் உளறுகிறது என்று கண்டுபிடிப்பதும் கைக்கு வந்துவிட்டன. கடைக்கு வருகிறவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதையெல்லாம் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிற கிறுக்கும் உண்டு. அப்படி என்னிடம் ஆய்வேடு போட்டவள்தான் ஸ்டெல்லா. திருநாவலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் நாற்று நட்டுப் படிக்க வைத்தார்கள். இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பு. மருத்துவமனையின் பெயரை எழுத வேண்டாம் என்றாள். மற்றதை எழுதச் சம்மதித்ததே பெரிது.

"அக்கா, மூணு மாசமா சேத்து வெச்சிருக்கேன். வெள்ளிக்கெழம டாக்டர் முன்னாடி வெக்கணும். நீங்க வந்து டேபிள் போட்டுக் குடுங்க" என்று போனில் சொன்னாள். கடையைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை உளுந்தூர்பேட்டை வரை ஒழுங்காகத்தான் போனேன். அங்கே கள்ளக்குறிச்சி வண்டியில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, கண்டக்டரிடம், "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேங்க, கூட்டம் ஜாஸ்தியா இருக்குதே, இடம் போயிடாதே?" என்றேன். "நிக்க எடம் இருந்தா அது பஸ்ஸும்மா. உக்கார எடம் இருந்தா அது கல்யாண மண்டபம். போய் குடிச்சிட்டு வா" என்றார். அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டே டீயைக் குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் வண்டி இல்லை. பையும் இல்லை.

டீக்கடைக்காரர் பதறவே இல்லை. "பை எங்க போவப் போவுது? அது உங்களுக்கு முன்னாடி போய் உக்காந்துகினு இருக்கும்" என்றார். அப்படியேதான் நடந்தது. அடுத்த வண்டியில் நின்றுகொண்டே போய் இறங்கினால், கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவரின் மேசைமேல் என் பை இருந்தது. அதில் ஒரு துண்டுச் சீட்டு: 'டீ குடிச்ச அம்மா'. கோயம்பேட்டில் இப்படி ஒரு பையை விட்டிருந்தால் நான் இன்னும் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஸ்டெல்லா ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போனாள். வார்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பிடித்தது பவுடர் வாசனை. வரிசையாகக் குழந்தைகள். எல்லாத் தலைமுடியும் பளபளவென்று படியச் சீவியிருந்தது. "அடேங்கப்பா, என்ன சுத்தம்" என்றேன். குழந்தைகளுக்கு நடுவே நின்ற அம்மாள்தான் அஞ்சலை. ஐம்பது வயதிருக்கும். "காலையில அஞ்சர மணிக்கு ஆரமிச்சா எட்டு மணிக்குள்ள எல்லாத்தயும் மாப்பிள்ள ஆக்கிடுவேன்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். நானும் ஏமாந்தவள்தான் என்பதற்கு அந்த வரி சாட்சியாக நோட்டில் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லா வீட்டில் தோசையும் கருவாட்டுத் தொக்கும். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழந்தை பிறந்தாலும், மறுநாள் காலையிலேயே குளிப்பாட்டிவிட வேண்டும். விடியற்காலையில் பிறந்தால் அன்றைக்கே. எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் சுற்றி வரும்போது குழந்தைகள் பளிச்சென்று இருக்க வேண்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் எடை குறைந்த குழந்தைகள் குளித்ததும் சில்லிட்டுப் போகின்றன என்று ஸ்டெல்லாவுக்குச் சந்தேகம். ஒரு முழு நாளாவது குளியலைத் தள்ளிப்போடச் சொல்லித்தான் இப்போது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. அவள் போய்க் கேட்டபோது டாக்டர் சொன்னாராம்: "புத்தகத்துல ஆயிரம் இருக்கும். நம்ம வார்டுல என்ன நடக்குதுன்னு தாள்ல காட்டு, மாத்திடறேன்."

அதனால்தான் மூன்று மாதமாக ஒரு நோட்டு. தேதிக்கும் தாயின் பெயருக்கும் நேரே குழந்தையின் எடை, குளிப்பாட்டியதும் அஞ்சலை போடுகிற டிக், ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் எழுதுகிற உடல் சூடு. மூன்றே கட்டம். பழக்கமாகச் செய்துவருவதை, அது நல்லதுதானா என்று அளந்து பார்ப்பது. இதற்குத்தான் என் கடையில் பெண்கள் முந்நூறு பக்கம் அடிக்கிறார்கள். ஸ்டெல்லா ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை காலை இட்லியை முடித்துவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்க 98.4. சரி, ஆரோக்கியமான குழந்தைகள். இரண்டாம் பக்கம் 98.4. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. எடை மாறுகிறது, தேதி மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, பேனா கூட மாறுகிறது. எண் மட்டும் மாறவில்லை. கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.

பொய் எண்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் பொய் எழுதுகிறவர்கள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற பயம் அதில் தெரியும். இதில் அந்தப் பயமே இல்லை. தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவதுபோல 98.4 போட்டிருக்கிறார்கள்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பணியிலிருந்த சின்ன சிஸ்டரை அழைத்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"தெர்மாமீட்டர் வெச்சுதான எழுதறீங்க?"

"தெர்மாமீட்டர் பீரோவுல இருக்குது சிஸ்டர். போன தடவ தொடைக்கிற வாளியில வுழுந்து போச்சுன்னு பூட்டி வெச்சிட்டாங்க. சாவி பகல் டூட்டிக்குத்தான் வரும், குளியல் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். நாங்க கை வெச்சுப் பாப்போம்."

"கை வெச்சு எப்படி புள்ளி நாலு வரும்?"

"சூடா இருந்தா தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு சிஸ்டர். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"சில்லுன்னு இருந்தா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். ஒளித்துவைக்க வேண்டிய பதிலாக அவளுக்கு அது தோன்றவில்லை. "நல்லா சுத்தி அம்மா பக்கத்துல வெச்சிடுவோம். சூடானப்பறம் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

நான் என் நோட்டை மூடினேன். இதைப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ள மனம் வரவில்லை. சில்லிட்ட குழந்தைகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கிய ஆய்வு. சில்லிட்ட ஒரு குழந்தைகூட அதில் இல்லை. இந்தத் தாளை அப்படியே வைத்தால், குளியலால் எந்தக் கெடுதலும் இல்லை என்று டாக்டரிடம் ஸ்டெல்லாவே நிரூபித்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

மதியம் இருவருமே சாப்பிடவில்லை. சாயங்காலம் அவளாகவே சொன்னாள்: "நாளைக்கு எனக்கு லீவு. மலைக்குப் போறேன், மல்லிகான்னு ஒரு பொண்ணப் பாக்க. நம்ம வார்டுலதான் பிரசவம். எட பத்தாத புள்ள. புள்ள எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு, குளிச்சப்பறம் எப்படி இருந்துச்சுன்னும் கேக்கலாம். தாயி பொய் சொல்ல மாட்டா. வரீங்களா?"

வியாழன் காலை கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் பஸ் முனகிக்கொண்டே ஏறியது. சென்னையில் நாங்கள் மலை என்று சொல்வது பரங்கிமலையை. அங்கே ஒரு மூச்சில் ஏறி இறங்கிவிடலாம். இங்கே ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து இருக்கைக்காரர் என் மடிக்கு வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு கொண்டை ஊசி வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் சாய்ந்து, கிழங்கெல்லாம் சாலையில் கிடந்தது. எல்லோரும் இறங்கிப் பொறுக்கினோம். டிராக்டர்காரர் ஆளுக்கு இரண்டு கிழங்கு கையில் திணித்தார். "பொறுக்கினதுக்கு இல்லீங்க. திரும்பி வண்டியில ஏத்தினா மறுபடியும் சாயும், அதான்" என்றார். இதை எழுதிக்கொண்டேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிமலைக்கு முன்னாலேயே இறங்கி அரை மணி நேரம் நடந்தோம். பத்து மணி வெயிலிலும் காற்று சில்லென்று இருந்தது. மல்லிகாவின் வீட்டு வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. அவள் குழந்தையை மார்போடு சேலைக்குள் கட்டியிருந்தாள். தலை மட்டும் தெரிந்தது. கன்னம் உப்பி நன்றாக இருந்தது. எங்களை உட்கார வைத்துச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நாங்கள் கொண்டுபோன கிழங்கைப் பார்த்து, "மலைக்கே கெழங்கு வாங்கிகினு வந்தீங்களா?" என்று சிரித்தாள்.

ஸ்டெல்லா மெதுவாக ஆரம்பித்தாள். "பொறந்த மறுநாள் காலையில குளிப்பாட்டினாங்களே, அப்ப புள்ள எப்படி இருந்துச்சு?"

"குளிப்பாட்டலியே."

"நோட்டுல டிக் இருக்குதே மல்லிகா."

"அது எனக்குத் தெரியாதுங்க. அந்த அஞ்சலக்கா புள்ளைய எடுத்துகினு போனாங்க. நானும் பின்னாடியே போனேன். தண்ணிய தெறந்து வுட்டுட்டு, புள்ளைய தன் வயித்தோட வெச்சுகினு சொம்மா உக்காந்துகினு இருந்தாங்க. அப்பறம் தலைக்கு எண்ண தடவி சீவி, துணி மேல பவுடர கொட்டினாங்க. 'சின்னப் புள்ள, தண்ணி தாங்காது. கீழ யாராண்டயும் சொல்லாத'ன்னாங்க. நான் ஊருல எல்லாரண்டயும் சொல்லிட்டேன். எங்க பக்கத்துல பிரசவமான ரெண்டு பேருக்கும் அப்படித்தானாம்."

ஒரு கட்டத்தில் சூடு பொய். இன்னொரு கட்டத்தில் குளியலே பொய். குளித்ததாக எழுதிய குழந்தை குளிக்கவில்லை. சூடாக இருந்ததாக எழுதிய குழந்தை சில்லிட்டிருந்தது. மூன்று கட்டத்தில் மிஞ்சியது எடை மட்டும். மூன்று மாத உழைப்பு ஒரு தட்டு சாமைச் சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் காலியாகிவிட்டது.

திரும்பி நடக்கும்போது ஸ்டெல்லா ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"டிசம்பர்ல ஒரு புள்ள போயிடுச்சுக்கா. அதுலதான் நான் இத ஆரமிச்சேன். ஒண்ணு உங்ககிட்ட சொல்லல. அன்னிக்குக் குளிப்பாட்டினது அஞ்சலக்காதான். ஒரு மணி நேரம் கழிச்சு எங்கிட்ட ஓடி வந்தாங்க. 'சிஸ்டர், புள்ள காலு சில்லுன்னு கெடக்குது, வந்து பாருங்க'ன்னாங்க. நான் சார்ட்ட எடுத்துப் பாத்தேன். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு இருந்துச்சு. 'நல்லாதான இருக்குது, சுத்தி வைங்க'ன்னு சொல்லிட்டு வேற வேலைய பாத்தேன்."

நான் அவள் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்தேன்.

"கை வெச்சுப் பாத்தவங்கள நம்பல. தாள நம்பினேன். அந்தத் தாளும் கை வெச்சு எழுதினதுதான்னு எனக்கு நேத்துதான் தெரியுது."

கீழே இறங்கும் பஸ்ஸில் நான் ஒரு யோசனை சொன்னேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "உடம்பு சரியில்லன்னு சொல்லி கூட்டத்த ஒரு மாசம் தள்ளிப் போடு. புதுசா அளந்து புதுத் தாளக் காட்டலாம். பழைய நோட்ட யாரு கேக்கப் போறாங்க?" என்றேன். உண்மையைச் சொன்னால் டாக்டர் ஆய்வையே மூடிவிடுவார். அஞ்சலையின் வேலையும் போகும். இது ஸ்டெல்லாவுக்கும் தெரியும்.

"அந்த ஒரு மாசம் குளியல் நடக்குமே அக்கா" என்றாள். "அஞ்சலக்கா லீவு போட்டா வேற ஆளு நிஜமாவே குளிப்பாட்டுமே." கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க பேர மட்டும் சொல்ல மாட்டேன். நோட்டு என்னுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வார்டுக்குப் போனேன். அன்று விடியற்காலையில் பிறந்த ஒரு குழந்தை, கைக்கு அடங்கினாற்போல, தலை பளபளவென்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். காதுக்குப் பின்னால், பிறக்கும்போது உடம்போடு வருகிற வெள்ளைப் பூச்சு வெண்ணெய் மாதிரி அப்படியே ஒட்டியிருந்தது. குளித்திருந்தால் அது போயிருக்கும். நான் பார்ப்பதை அஞ்சலை பார்த்துவிட்டார். துணியைக் காதுவரை இழுத்து மூடினார். எட்டு மணிக்கு வந்த டாக்டர் அந்தக் குழந்தை முன்னால் நின்று, "குட்டிப் பய, குளிச்சிட்டு ஜம்முனு இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்குக் கூட்டம். ஸ்டெல்லா எழுந்து நோட்டை மேசைமேல் வைத்தாள். "டாக்டர், இந்த மூணு மாச எண்ணு எதுவும் உண்மை இல்ல. சூடு அளக்காமலே எழுதியிருக்கோம். குளிக்காத குழந்தைகளுக்கும் டிக் இருக்குது. வார்டுக்கு நான் பொறுப்பு, தப்பு என்னுது. திங்கக்கெழமையிலேந்து மறுபடியும் ஆரமிக்க அனுமதி குடுங்க" என்றாள். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

டாக்டரின் முகம் சிவந்தது. "டிக் போட்டுட்டுக் குளிப்பாட்டாம விட்டது யாரு?"

"நோட்டு என்னுது டாக்டர்."

"பேரச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. டாக்டர் நோட்டைத் தள்ளினார். "அப்ப இந்த ஆராய்ச்சியெல்லாம் இதோட போதும். குளியல் பழையபடி நடக்கட்டும். எல்லாக் குழந்தைக்கும். இனிமே நர்ஸ் பக்கத்துல நின்னு பாக்கணும்."

அப்போதுதான் அஞ்சலை தேநீர்த் தட்டோடு உள்ளே வந்திருந்தார். 'எல்லாக் குழந்தைக்கும்' என்ற வார்த்தையில் நின்றவர், நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"அது நான்தாங்க. சின்னப் புள்ளைங்கள குளிப்பாட்ட மாட்டேன். தலைக்கு மட்டும் ரெண்டு சொட்டு தேங்கா எண்ண வெச்சு, சீவி வுட்டுடுவேங்க டாக்டர். ஈரம் மாதிரியே தெரியும்."

சின்ன சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லா கண்ணை மூடினாள்.

"எப்பலேந்து?" என்றார் டாக்டர்.

"டிசம்பர்லேந்து. அந்தப் புள்ளைய இந்தக் கையாலதான் குளிப்பாட்டினேன்."

"அப்பறம் ஏன் டிக் போட்டீங்க?"

"டிக் இல்லன்னா வேற யாரையாவது வுட்டு குளிப்பாட்டுவீங்களே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டெல்லாவிடம், "அந்த பீரோ சாவி இனிமே வார்டுலயே இருக்கட்டும். திங்கக்கிழமையிலேர்ந்து நிஜமா அளங்க. முடிவு தெரியறவரைக்கும் எடை கம்மியான குழந்தைகளுக்குக் குளியல் வேணாம்" என்றார். அஞ்சலை பக்கம் திரும்பினார். "உங்கள என்ன செய்யறதுன்னு அப்பறம் பாக்கறேன்."

"பாருங்க" என்றார் அஞ்சலை.

"இன்னைக்குக் காலையில ரவுண்ட்ஸ்ல பாத்தனே, அந்தக் குட்டிப் பய?"

அஞ்சலை தட்டை மேசைமேல் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து கையை நீட்டினார். டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார். அன்று காலை தான் போட்ட டிக்கின் மேல் அஞ்சலை ஒரு கோடு போட்டார். "சிஸ்டர், நீங்க பேரப் படிங்க, எது எது குளிக்கலன்னு நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, விரலில் எச்சில் தொட்டு முந்தின பக்கத்தைத் திருப்பினார்.